பனி பிடித்த கார்

தன் மார்பில் ஒரு கட்டி இருப்பதாக என் மனைவி சொன்ன நேரத்தில் நான் காருக்கு அடியில் படுத்துக் கிடந்தேன். எண்ணெய் எங்கிருந்து ஒழுகுகிறது என்று தேடிக்கொண்டிருந்தேன். அரிசி தீர்ந்துவிட்டது என்று சொல்கிற அதே குரலில்தான் அவள் சொன்னாள். நான் பதறி எழுந்ததில் நெற்றி சைலன்சரில் மோதி இரத்தம் வந்துவிட்டது. அவள் முதலில் என் நெற்றிக்குத்தான் துணி எடுக்க ஓடினாள். துணியைக் கட்டி முடித்த பிறகும் கட்டியைப் பற்றிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

தோட்டத்து மிட்வைஃப் வந்து பார்த்தார். பார்த்து, கிளினிக் கார்டு எழுதிக் கொடுத்துவிட்டு வாசலுக்கு வந்து என்னிடம் மெதுவாகச் சொன்னார். "ஒண்ணுமில்லாமலும் இருக்கலாம் சேர். ஆனா அத டாக்டர்தான் சொல்லணும். நுவரெலியா கிளினிக்குக்கு இந்தச் செவ்வாக்கெழமையே கூட்டிட்டுப் போங்க. நாள் கடத்தாதீங்க." கடைசி வார்த்தைகளைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

நாங்கள் இருப்பது அக்கரப்பத்தனைக்கும் மேலே, தோட்டப் பாடசாலையின் ஆசிரியர் குவார்ட்டர்ஸில். அங்கிருந்து இருட்டோடு கிளம்பினால்தான் கிளினிக்கில் நம்பர் கிடைக்கும். விடியற்காலையில் ஒரு பஸ் இருக்கிறது. ஆனால் அந்த வளைவுகளில் பஸ்ஸில் போனால் அவளுக்கு வாந்தி நிற்காது. அதற்குத்தானே கார் இருக்கிறது என்றேன். எவ்வளவு பெருமையாகச் சொன்னேன் என்பதை நினைத்தால் இப்போதும் எரிச்சலாக வருகிறது.

அந்தக் கார் எங்கள் மகளைவிட வயதில் மூத்தது. ஓய்வுபெற்றுப் போன தோட்டத்துப் பெரிய கிளாக்கரிடம் வாங்கியது. கார்பரேட்டர், இழுத்து விடுகிற சோக், கையால் சுற்றுகிற கண்ணாடி என்று எல்லாமே பழைய காலத்துச் சங்கதி. அதற்கு என்ன வந்தாலும் நானே முதலில் கை வைப்பேன். பாடசாலையில் விஞ்ஞானம் சொல்லிக் கொடுக்கிறவன் ஒரு எஞ்சினுக்குப் பயப்படலாமா என்ற வீம்பு. டோர்ச் பிடிப்பது என் மனைவியின் வேலை. "அங்க பிடிக்கச் சொன்னா எங்க பிடிக்கிற" என்று நான் கத்துவதும், "வண்டிகிட்ட மட்டும் நல்லா மெதுவா பேசுங்க" என்று அவள் திருப்பிக் கொடுப்பதும் வழக்கம். அப்படிக் கத்திக் கத்தியே எது பிளக், எது கொயில் என்று அவளுக்கும் பழகிவிட்டது. தலவாக்கலை ஸ்டேஷனில் காரை விட்டுவிட்டு ரயிலில் கொழும்புக்குப் போகிற நாட்களில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து, உள்ளே சுற்றுகிற ரோட்டரைக் கழற்றி அவளிடம் கொடுப்பேன். பெருவிரல் அளவுதான் இருக்கும் அந்தத் துண்டு. அது இல்லாவிட்டால் பிளக்குகளுக்குக் கரண்ட் போகாது, எந்தக் கள்ளனாலும் ஸ்டார்ட் பண்ண முடியாது. அவள் அதைக் கைக்குட்டையில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்துக்கொள்வாள்.

இன்னொரு வேலையும் அவளுடையதுதான். தை மாசி மாதங்களில் எங்கள் பக்கம் புல்லெல்லாம் வெள்ளை பூத்துக் கிடக்கும். அந்தக் குளிரில் எஞ்சின் விறைத்துவிடாமல் இருக்க, மாலையில் பொனட்டைத் திறந்து எஞ்சின் மேல் பழைய கம்பளி ஒன்றைப் போர்த்தி மூடுவோம். மேல் தோட்டங்களில் கார் வைத்திருக்கிற எல்லோரும் இதைத்தான் செய்கிறார்கள். காலையில் அதை எடுக்க மறந்தால் தீப்பிடிக்கும். ஆனாலும் யாரும் விடுவதில்லை. அவள் தோட்டத்துப் புள்ளக் காம்பராவில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவள். குழந்தைக்குப் போர்த்துகிற மாதிரியே எஞ்சினுக்கும் ஓரமெல்லாம் செருகிவிடுவாள்.

முதல் செவ்வாய்க்கிழமை கார் கிளம்பவில்லை.

செல்ஃப் நன்றாக அடித்தது. பேட்டரியில் குறை இல்லை. எஞ்சின் சுற்றியது, சுற்றியது, பிடிக்கவில்லை. சோக்கை இழுத்தேன். விட்டேன். பெட்ரோல் நாற்றம் வந்தது. அதற்குள் காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக்குப் போகிற ஆட்கள் வந்துவிட்டார்கள். தோட்டத்தில் ஒரு கார் நின்றுவிட்டால் அது வீட்டு விஷயம் இல்லை, ஊர் விஷயம். கம்பளியும் கூடையுமாகச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் சோக்கை இழுக்கச் சொன்னார், இன்னொருவர் சோக்கைத் தொடவே வேண்டாம் என்றார். என் மனைவி கேத்தலில் சுடுதண்ணீர் கொண்டுவந்தாள். கார்பரேட்டருக்குக் கீழே மெதுவாக ஊற்றினேன். பிறகு எல்லோரும் சேர்ந்து தள்ளினார்கள். தேயிலைக் கொட்டகை வரைக்கும் இறக்கத்தில் தள்ளிக்கொண்டே போனோம். இரண்டாம் கியரில் கிளட்சை விட்டால் ஒரு குலுக்கு, அவ்வளவுதான்.

"பனி புடிச்சிருச்சு சேர்" என்றார் கங்காணி. "வெயில் ஏறுனா தானா கெளம்பும் பாருங்க."

அப்படியே ஆனது. காரை மறுபடி மேலே தள்ளி வாசலில் விட்டு, வியர்த்து விறுவிறுத்து வீட்டுக்குள் வந்து படுத்தேன். சாப்பாட்டு நேரத்தில் சும்மா சாவியைத் திருப்பிப் பார்த்தேன். ஒரே அடியில் பிடித்துக்கொண்டது. எனக்கு வந்த கோபத்தில் ஸ்டியரிங்கைக் கையால் குத்தினேன். கிளினிக் முடிந்திருக்கும். என் மனைவி கதவோரம் நின்று, "விடுங்க, அடுத்த செவ்வா பாத்துக்கலாம்" என்றாள். என்ன பொறுமை இவளுக்கு என்று நான் அவளைக் கொஞ்சம் உயர்வாகக்கூட நினைத்தேன்.

இடையில் வந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனோம். கார் சமர்த்தாகக் கிளம்பியது. பூசைக்குப் போகும்போது வெயில் ஏறியிருக்கும் அல்லவா. ஆகவே கங்காணி சொன்னது சரி, நோய் பனிதான் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. எங்கள் பக்கத்தில் வண்டி கிளம்பாவிட்டால் பனி, ரேடியோ பாடாவிட்டால் பனி, மாமியார் பேசாவிட்டாலும் பனி. பனி என்று ஒன்று இருக்கும்போது வேறு காரணம் தேடுகிற பழக்கமே எங்களுக்குக் கிடையாது.

அடுத்த செவ்வாயும் அதே கதை. செல்ஃப் அடிக்கிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. இந்த முறை ஒரு தகரத்தில் நெருப்புத் தணல் எடுத்து எஞ்சினுக்கு அடியில் வைத்தோம். பெட்ரோல் வண்டிக்கு அடியில் தணல். யாராவது மாணவன் செய்திருந்தால் காதைத் திருகியிருப்பேன். கடைசியில் ஆட்டோ பிடித்துக்கொண்டு வருகிறேன் என்று நான் செருப்பை மாட்டியபோது, "அவ்வளவு தூரம் ஆட்டோவுல குலுங்கிக்கிட்டு என்னால வர முடியாதுங்க" என்றாள். பஸ்ஸும் போயிருந்தது. அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. அவளுக்குப் போக முடியாத வருத்தம் என்று எடுத்துக்கொண்டு நான் அவளுக்கு ஆறுதல் சொன்னேன். ஆறுதல்!

தலவாக்கலையிலிருந்து மெக்கானிக் பாஸ் வந்தார். சிங்கள மனிதர். தமிழும் பேசுவார். அவர் வந்து சேர்ந்தது பகலில். சாவியைத் திருப்பினார், கார் பாட்டுப் பாடியது. என்னைப் பார்த்துச் சிரித்தார். "பனிதான் சேர். வேற மொகுத் நெஹே." வேறு ஒன்றுமே இல்லையாம். ஆனாலும் அடுத்த முறை கிளம்பாவிட்டால் ஒரு பிளக்கைக் கழற்றி, அதன் தலையை எஞ்சினில் தொட வைத்து, யாரையாவது செல்ஃப் அடிக்கச் சொல்லிப் பார்க்கும்படி சொல்லிவிட்டுப் போனார். நீலமாகப் பொறி வந்தால் கோளாறு பெட்ரோலில், வராவிட்டால் கரண்டில்.

அதற்கடுத்த செவ்வாய் அப்படியே செய்தேன். நான் பிளக்கைப் பிடித்துக்கொண்டேன், அவள் சாவியைத் திருப்பினாள். பொறி வரவில்லை. ஒரு துளிகூட இல்லை. "கரண்ட் இல்ல!" என்று கத்தினேன். ஏதோ கண்டுபிடித்துவிட்டேன் என்ற சந்தோஷம் எனக்கு. அவள் சாவியிலிருந்து கையை எடுத்துவிட்டு, "அப்ப இன்னிக்கும் போக முடியாதுல்ல?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி எப்படிக் கேட்கப்பட்டது என்பது எனக்கு இப்போது நன்றாக ஞாபகம் இருக்கிறது. அன்றைக்குக் காதில் விழுந்ததோடு சரி.

பாஸ் வந்து பழைய கொயிலையும் வயர்களையும் மாற்றினார். டிஸ்ட்ரிபியூட்டருக்குப் புது மூடியும் ரோட்டரும் வாங்கிக்கொண்டு வந்திருந்தார். இருக்கிறதே இன்னும் கொஞ்ச நாள் ஓடும், மறுபடி மக்கர் பண்ணினால் போட்டுவிடுங்கள் என்று பெட்டியோடு என்னிடம் கொடுத்தார். நான் அதை என் ஸ்வெட்டர் பைக்குள் போட்டு வைத்தேன். அவளிடம் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்றில்லை, சொல்லத் தோன்றவில்லை.

நான்காவது செவ்வாய்க்கிழமை நான் வழக்கத்தைவிட முந்தி எழுந்தேன். பெரட்டு ஆட்கள் வருவதற்குள் காரைக் கிளப்பிவிட வேண்டும், இன்னொரு தடவை அவர்களுடைய யோசனைகளைக் கேட்க என் தலைக்குச் சக்தி இல்லை. அவள் அடுப்படியில் தண்ணீர் சுட வைத்துக்கொண்டிருந்தாள். கம்பளியை எடுத்தேன். செல்ஃப் அடித்தேன். சுற்றியது, பிடிக்கவில்லை. புதுக் கொயில், புது வயர், எல்லாம் புதிது! எனக்கு அழுகையே வந்துவிட்டது. சரி, மிச்சமிருப்பது இதுதான் என்று டிஸ்ட்ரிபியூட்டரின் இரண்டு கிளிப்புகளையும் தட்டிவிட்டு மூடியைத் தூக்கினேன்.

உள்ளே ரோட்டர் இல்லை.

டோர்ச்சை இன்னும் கிட்டே கொண்டுபோனேன். நடுத்தண்டு மட்டும் மொட்டையாக நின்றது. கீழே விழுந்திருக்குமா என்று எஞ்சினுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினேன். மூடி மூடியிருக்கிறது, கிளிப் போட்டிருக்கிறது, உள்ளே இருந்த பொருள் எப்படி விழும்? கள்ளனாக இருந்தால் காரையல்லவா கொண்டுபோவான்? மயிர்க்கூச்செறிந்து விட்டது எனக்கு. யாரோ வேண்டாதவர்கள் செய்திருக்கிறார்கள், செய்வினை அது இது என்று, விஞ்ஞான ஆசிரியனாகிய எனக்கு என்னென்னவோ ஓடியது. பெட்டியை உடைத்துப் புது ரோட்டரைப் போட்டு, மூடியை அழுத்தி, சாவியைத் திருப்பினேன்.

கார் கிளம்பிவிட்டது. அந்தக் குளிரில், அந்த இருட்டில், வெயிலும் இல்லாமல் சுடுதண்ணீரும் இல்லாமல் கிளம்பிவிட்டது.

அடுப்படிக் கதவு திறந்தது. என் மனைவி ஒரு கையில் கேத்தலோடு வாசலில் வந்து நின்றாள். ஹெட்லைட் வெளிச்சத்தில் அவள் முகம் எனக்கு நன்றாகத் தெரிந்தது. பேய் அறைந்த மாதிரி இருந்தது.

"எப்படிங்க ஸ்டார்ட் ஆச்சு?" என்றாள்.

"புது ரோட்டர் போட்டேன். பாஸ் குடுத்தாரு. பழைய ரோட்டர எவனோ..."

கார் கிளம்பினால் யாராக இருந்தாலும் 'அப்பாடா' என்பார்கள். எப்படிக் கிளம்பியது என்று கேட்க மாட்டார்கள். நான் அவளுடைய மற்றக் கையைப் பார்த்தேன். அது மூடியிருந்தது. அவள் கேத்தலைப் படியில் வைத்துவிட்டு அந்தக் கையைத் திறந்து காட்டினாள்.

பழைய ரோட்டர் அதில் இருந்தது. கள்ளன் என்றாலும் செய்வினை என்றாலும் தாங்கியிருப்பேன். இத்தனை வருஷம் ஒரே பாயில் படுத்தவள், ஒவ்வொரு செவ்வாயும் என் பக்கத்தில் நின்று டோர்ச் பிடித்தவள், தள்ளுகிற ஆட்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தவள், ரோட்டரைக் கைக்குள் வைத்துக்கொண்டே இதையெல்லாம் செய்திருக்கிறாள். முந்தின மாலை கம்பளி போர்த்துகிற சாக்கில் கழற்றி, மறுநாள் பகலில் நான் அசந்து படுத்ததும் திரும்பப் போட்டிருக்கிறாள்.

"பைத்தியமா ஒனக்கு?" நான் தொண்டை கிழியக் கத்தினேன். "அறிவிருக்கா? இது என்ன வெளையாட்டா?"

"சத்தம் போடாதீங்க. லயத்து வீட்டுக்கெல்லாம் கேக்கும்."

"கேக்கட்டும்! எல்லாருக்கும் கேக்கட்டும்! அத்தன பேரு தள்ளுனாங்கல்ல!"

அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள். "காம்பராவுல எங்கூட வேல செஞ்ச அக்காவ மறந்துட்டீங்களா? அவளும் இதே மாதிரிதான் ஒரு கட்டின்னு சொன்னா. நல்லா நடந்து போயி பஸ் ஏறுனா. கொழும்புக்கு அனுப்புனாங்க. திரும்பி வந்தப்ப தூக்கிட்டுத்தான் வந்தாங்க. அவள குளிப்பாட்டுனது நான்தான்." ரோட்டரைக் கைக்குள் புரட்டினாள். "டாக்டரு சொல்ற வரைக்கும் இது வெறும் கட்டிங்க. சொல்லிட்டாங்கன்னா அப்பறம் அது வந்துரும்ல. பாப்பா சோதன எழுதி முடிக்கட்டும்னு பாத்தேன். எனக்கு மூஞ்சில மறைக்கத் தெரியாது. அவ பாத்ததும் கண்டுபுடிச்சிருவா."

மகள் அப்போது ஹட்டனில் விடுதியில் இருந்து உயர்தரப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள். முகத்தில் மறைக்கத் தெரியாதாம்! என்னிடம் எத்தனை வாரம் மறைத்திருக்கிறாள்! எனக்குச் சிரிப்பதா அவளை அடிப்பதா என்று தெரியவில்லை. இரண்டும் செய்யவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. அதை நிறுத்தினால் மறுபடி என்ன நடக்குமோ என்று எனக்குப் பயம்.

"ஏறு" என்றேன்.

"முடியாதுன்னா?"

"முடியாதுன்னா தூக்கி வச்சுக்கிட்டுப் போவேன்."

"ஒங்க முதுகு வலிக்கு அது ஒண்ணுதான் கொறச்சல்" என்றாள். ஆனால் எழுந்தாள். சேலை மாற்ற வேண்டும், கிளினிக் கார்டு எடுக்க வேண்டும் என்று உள்ளே போகப் பார்த்தாள். நான் விடவில்லை. அவளைக் காரில் உட்கார வைத்து, நானே உள்ளே ஓடிக் கார்டையும் ஒரு ஸ்வெட்டரையும் அள்ளிக்கொண்டு வந்தேன். திரும்பி வரும்போது அவள் உட்கார்ந்திருப்பாளா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது. உட்கார்ந்திருந்தாள். பெரட்டுக் களத்தைக் கடந்தபோது ஆட்கள் கை தட்டிச் சிரித்தார்கள். "பனி விட்டுருச்சா சேர்?" என்று கங்காணி கத்தினார். நான் கையை மட்டும் ஆட்டினேன். நுவரெலியா வரைக்கும் பழைய ரோட்டர் அவள் கைக்குள்ளேயே இருந்தது.

கிளினிக்கில் டாக்டர் கார்டைப் பார்த்துவிட்டு, முன்னமே வரச்சொல்லியும் ஏன் வரவில்லை என்று கேட்டார். "கார் ஸ்டார்ட் ஆகல டாக்டர்" என்று நான் முந்திக்கொண்டேன். அது பொய்யும் இல்லையே.

"நான்தான் வரல டாக்டர்" என்றாள் என் மனைவி. "பயந்துட்டேன்."

டாக்டர் அவள் தோளில் கை வைத்தார். ஊசியால் எடுத்து அனுப்பினார்கள். முடிவு வந்தபோது அது அவள் பயந்ததுதான். இன்னும் சின்னதாகத்தான் இருக்கிறது, கண்டியில் ஆபரேஷன் செய்துவிடலாம் என்றார் டாக்டர். அந்தப் போன செவ்வாய்க்கிழமைகளால் ஏதாவது கூடிவிட்டதா என்று கேட்க என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. இன்று வரைக்கும் கேட்கவில்லை. வெளியே வந்ததும் அவள், "அப்ப இப்ப அது வந்துருச்சு" என்று மட்டும் சொன்னாள். எனக்குத் தெரிந்த எல்லா விஞ்ஞானமும் அந்த ஒரு வரிக்கு முன்னால் வாயடைத்து நின்றது.

அந்தக் கார் இன்னும் எங்களிடம்தான் இருக்கிறது. மாலையில் எஞ்சினுக்குக் கம்பளி போர்த்துவது இன்றைக்கும் அவள்தான். இந்தக் கதையைச் சொந்தக்காரர்கள் வந்தால் நான் சொல்வதுண்டு, எல்லோரும் அவளைப் பார்த்துச் சிரிப்பார்கள், அவளும் சிரிப்பாள். ஆனால் கண்டிக்குப் போன காலையை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அப்போது மகளுக்குப் பரீட்சை முடிந்திருந்தது. விஷயம் தெரிந்து அழுது முடித்து, துணிப் பையோடு பின்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். என் மனைவி முன்சீட்டில், தலை வாரி, பொட்டு வைத்து, கல்யாண வீட்டுக்குப் போகிறவள் மாதிரி இருந்தாள். நல்ல பனி. சாவியைத் திருப்பினேன். முதல் அடியிலேயே கார் பிடித்தது. கொஞ்ச நேரம் ஓடவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு அடி தப்புகிற மாதிரி இருந்தது. எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கிப் போய்ப் பொனட்டைத் திறந்தேன்.

"சத்தம் சரியில்ல" என்றேன். "ஒரு பிளக் விடுது போல. கினிகத்தேன எறக்கத்துல நடுரோட்டுல நின்னுட்டா என்ன பண்றது? பாஸ்கிட்ட ஒருக்கா காட்டிருவோம். டாக்டருக்குப் போன் பண்ணி அடுத்த வாரம் வாறோம்னு சொல்லிரலாம். ஒரு வாரம்தான."

குனிந்து பார்த்தேன். என் விரல்கள் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் கிளிப் மேல் இருந்தன. ஒரு கிளிப் ஏற்கனவே திறந்திருந்தது. அதைத் திறந்தது எனக்கு ஞாபகமே இல்லை. அந்தக் கை என்னுடையதுதானா என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

"மூடிட்டு வாங்க" என்று அவள் உள்ளே இருந்து சொன்னாள். கோபமில்லாமல்தான் சொன்னாள். "வண்டிக்கு ஒண்ணுமில்ல."

கிளிப்பை அழுத்தினேன். பொனட்டை மூடிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.